மாப்பிள்ளையை இப்போது அனுப்புவதற்கில்லை

மேலகரம்,
25-7-1958

சௌபாக்கியவதி செண்பகவல்லிக்கு, உன் அண்ணன் சிவசுப்பிரமணியன் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் முன்னிட்டு ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் மைனி வடிவாம்பாளும் சாரலுக்குக் குடையும் குளிருக்குச் சுக்குக் காப்பியுமாகச் சௌக்கியம். அங்கே திருநெல்வேலியில் நீயும் பிள்ளைகள் இருவரும் சௌக்கியமென்று நம்புகிறேன். மாப்பிள்ளை குத்தாலிங்கமும் சௌக்கியம். அவர் எந்த அளவுக்குச் சௌக்கியம் என்பதைச் சொல்வதற்காகத்தான் ஒரு கொயர் காகிதம் வாங்கிக்கொண்டு தென்காசித் தபாலாபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் வைத்து எழுதினால் அவர் கண்ணில் பட்டுவிடும்.

நீ அடித்த தந்தி நேற்று வந்து சேர்ந்தது. தந்திச் சேவகனை வாசலில் கண்டதும் உன் மைனி, யாரோ போய்விட்டார்கள் என்று தானே முடிவு கட்டி, நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாடத்தி ஓடி வந்து, யாரென்று கேட்காமலே சேர்ந்து அழுதாள். பிரித்துப் படித்தபோது, 'உடனே அனுப்பவும், தியேட்டர் முதலாளி திங்கள் வரைதான் பொறுப்பார், மதுரையிலிருந்து வேறு ஆள் வருகிறார்' என்று இருந்தது. யாரும் போகவில்லை என்று தெரிந்ததும் மாடத்திக்கு என் மேல் வருத்தம். 'இதைச் சொல்லுததுக்கு இம்புட்டு நேரமா அண்ணாச்சி?' என்று முந்தானையை உதறிக்கொண்டு போனாள். அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டில் இல்லாதது தெய்வச் செயல். தந்தியை இரண்டாக மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன். இன்றுவரை அவரிடம் காட்டவில்லை. காட்டப் போவதும் இல்லை. அதற்கான காரணங்களைக் கீழே எழுதுகிறேன். பூர்வாங்கம் இல்லாமல் விஷயத்துக்கு வருவது முப்பத்தொரு வருஷம் பத்திர ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பழக்கமில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

பதினாலு வருஷமாக ஒரு நாள் லீவு இல்லாமல் சினிமா பேனர் வரைந்த உன் வீட்டுக்காரர், போன வைகாசியில் கதாநாயகன், கதாநாயகி, வில்லன், கதாநாயகி ஓட்டி வந்த மாடு ஆகிய நான்கு பேருக்கும் ஒரே கண்ணை வரைந்து வைத்ததும், ஊரே நின்று சிரித்ததும், முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்ததும், மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் ஏணியை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்ததும், அடுத்த படத்துக்கு எல்லா முகத்தையும் முடித்துவிட்டுக் கண் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு 'வரலை' என்று ஒரே சொல்லில் சொன்னதும் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். 'ஒரு மாசம் உங்களிடம் இருக்கட்டும் அண்ணா, பிரஷ்ஷைத் தொட விடாதீர்கள், படம் எதையும் பார்க்க விடாதீர்கள், சும்மா இருக்கச் செய்யுங்கள்' என்று கேட்டிருந்தாய். என் கூடப்பிறந்தவள் என்னிடம் பொறுப்பாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆகையால் அதைச் சர்க்கார் உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

அவர் வந்து இறங்கிய அன்றே, பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து அவருடைய டிரங்குப் பெட்டியைச் சோதனை போட்டேன். நான்கு வேட்டி, இரண்டு சட்டை, அடியில் ஒரு பிரஷ். சோப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவரும் தேடவில்லை, கேட்கவில்லை. எட்டு நாள் கழித்துப் பார்த்தால் மனிதருக்குத் தாடி முளைத்திருக்கிறது. 'பாத்தியா வடிவு, உள்ளே இருக்க கவலைதான் தாடியா வெளியே வருது' என்று உன் மைனியிடம் கண் கலங்கச் சொன்னேன். அவள் என்னைப் போல யோசிக்கிறவள் இல்லை. நேரே போய், 'ஏன் தம்பி, சவரம் பண்ணலியா?' என்று கேட்டுவிட்டாள். 'சவர பிரஷ்ஷை அத்தான் எடுத்து வச்சிருக்காவ அக்கா. ஏதாவது காரணம் இருக்கும்னுட்டு நான் கேக்கல' என்றார் மாப்பிள்ளை. இப்படிப்பட்ட மனுஷனுக்கு உன்னைக் கொடுத்தோமே என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை; பீரோவைத் திறக்கும்போது கை கூசியது.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓய்வு என்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்று, ஃபுல்ஸ்கேப் தாளில் கால அட்டவணை எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் குளியல், எட்டு மணிக்கு இட்லி, ஒன்பது முதல் பதினொன்று வரை சும்மா இருத்தல், ஒரு மணிக்கு உறக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே மேற்பார்வை பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தால், 'என்ன மாப்ள, யோசனையா? யோசிக்கக் கூடாதுல்லா' என்பேன். கண்ணை மூடினால், 'தூக்கம் ஒரு மணிக்குல்லா' என்பேன். பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கால் கட்டைவிரலையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பேரருவிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சித்திரசபை இருக்கிறதே, சுவர் முழுக்கச் சித்திரம். அது அவர் கண்ணில் படக் கூடாது என்று, எண்ணெய் தேய்த்த உடம்போடு வயல் வரப்பு வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வருவேன். ஒரு நாள் சாரலில் வரப்பு வழுக்கி நான் சேற்றில் விழுந்தேன்; என்னைத் தூக்க வந்த அவரும் விழுந்தார்; அவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த நான் மறுபடியும் விழுந்தேன். வீட்டு வாசலில் எங்களைப் பார்த்த உன் மைனி, 'குளிச்சிட்டு வாறியளா, உழுதுட்டு வாறியளா?' என்று கேட்டாள். மாப்பிள்ளை இங்கு வந்து முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அதையும் நான் அட்டவணையில் இல்லாத காரியமாகத்தான் பார்த்தேன் என்றால் என் புத்தியை நீயே அளந்துகொள்.

பதினொரு நாள் இப்படி விடியற்காலைத் தண்ணீரில் அவருக்குக் காவலாக நானும் நனைந்ததில், உடம்பு தேற வந்தவர் கல்லு மாதிரி இருக்க, எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நான்கு நாள் கண்ணைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு எழுந்து, சும்மா இருக்கும் நேரமாயிற்றே என்று பார்த்தால், நாற்காலி மட்டும் சும்மா இருக்கிறது. உன் மைனியிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, 'குளிக்கப் போயிருப்பாவ' என்றாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன ஒருவன் இன்னொருவனிடம், 'ஐந்தருவியில ஒரு ஆளு வழுக்கி விழுந்துட்டானாம்லே, நல்ல அடியாம்' என்று சொல்லிக்கொண்டு போனான். செண்பகம், அப்படியே எழுந்து தெருவுக்கு ஓடினேன். கழுத்தில் மப்ளர், நெற்றியில் பற்று, காலில் இரண்டும் வேறு வேறு செருப்பு. கிடைத்த குதிரை வண்டியில் ஏறினேன். வழி நெடுக, கண் வரைய வராத ஒரு மனுஷனை, நாள் முழுக்கக் கால் கட்டைவிரலைப் பார்க்க வைத்தேனே, அவர் மனசு என்ன பாடுபட்டதோ, வழுக்கித்தான் விழுந்தாரோ என்னவோ, உனக்கு நான் என்ன பதில் எழுதுவேன் என்று இதையே நினைத்துக்கொண்டு போனேன். குதிரைக்கும் என் அவசரம் புரியவில்லை.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். இறங்கியதும் 'மாப்பிள்ளை!' என்று என் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். இருபது பேர் திரும்பினார்கள். சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாருக்காவது மாப்பிள்ளைதானே. அதில் ஒருவர் என் மப்ளரையும் பற்றையும் பார்த்துவிட்டு, 'மாமா, நீங்க எப்ப வந்திய?' என்று காலில் விழப் பார்த்தார். அவரை விலக்கிவிட்டு ஓடினேன். படிக்கட்டுப் பாசியில் செருப்பு வழுக்கி, ஜாஹிரா பீவி என்கிற அம்மாள் பழக்கடை போட்டிருக்கிறார்களே, அங்கே அடுக்கி வைத்திருந்த பலாப்பழங்களின் மேல் போய் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்பது என் உடம்புக்குத் தெரியும். யாரோ என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பார்த்தால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பலாச்சுளையோடு, உன் வீட்டுக்காரர்.

'அத்தான், காய்ச்சலோட நீங்க எதுக்கு வந்திய?' என்று அவர் கேட்கிறார். நான் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். விழுந்தது யாரென்றால், யாரோ ஒரு செங்கோட்டைக்காரராம், முழங்காலில் சிராய்ப்பு, கடையில்தான் உட்கார்ந்து ஏத்தங்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தார். 'நாலு நாளா அண்ணாச்சிதான் கடையப் பாத்துக்கிடுதாவ. எங்க வீட்டுல கால் சுளுக்கிப் படுத்துட்டாவ, நான் ஒத்தையில கெடந்து அல்லாடுனேன். வந்த அண்ணாச்சி கேக்காமலே பழத்த எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டாவ' என்றார் ஜாஹிரா பீவி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'நீங்கதான் சும்மா இருக்கச் சொல்லுத அத்தானா?' என்றார். ஊருக்கு ஐந்து மைல் தள்ளியும் என் பேர் பரவியிருக்கிறது. கடையின் ஓரத்தில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. நம் வீட்டுத் தூக்கு. அதற்குள் உன் மைனி கட்டிக் கொடுத்த புளியோதரை. அதாவது அவளுக்கு நான்கு நாளும் தெரியும்!

எனக்குக் கோபம் வந்தது. 'நீரு ஓய்வெடுக்க வந்தீரா, ஓய் மாப்ள, பலாப்பழம் விக்க வந்தீரா?' என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தால், ஆண்கள் அருவியில் குளித்துவிட்டு வெளியே வருகிற இடம் நேர் எதிரே தெரிகிறது. 'அந்தா பாருங்க அத்தான்' என்றார். 'தண்ணிக்குள்ள இருந்து வாறவன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வருதான். கையால மூஞ்சத் தொடைக்கான். பொறவு தொறக்கான் பாத்தியளா, அதப் பாருங்க. ஒருத்தன் தொறக்காப்புல இன்னொருத்தன் தொறக்கல. பதினாலு வருசமா படத்து ஸ்டில் போட்டோவுல கட்டம் போட்டுப் பெருசாக்கில்லா நான் கண்ணு வரைஞ்சேன். வரைஞ்சு வரைஞ்சு, கடேசில கை தன்னால வரையுது. நான் பாக்கவே இல்ல. மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே கண்ணு வராம என்ன செய்யும்? இங்கன வந்து முத நாள் சும்மாதான் நின்னேன். ரெண்டாம் நாள் இங்கேருந்து போக மனசு வரல.'

நானும் பார்த்தேன், செண்பகம். மிராசுதார் மாதிரி ஒரு பெரிய சரீரக்காரர், அப்போதுதான் பிறந்த பிள்ளை போல, எந்த ஊர் இது என்று கேட்கிற மாதிரி கண்ணைத் திறந்தார். ஒரு போலீஸ்காரர் முதலில் ஒரு கண்ணைத் திறந்து, கழற்றி வைத்த உடுப்பு அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறு கண்ணைத் திறந்தார். ஒரு கிழவர் கண்ணைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார். ஒரு வாத்தியார் திறந்த உடனே பையன்களை எண்ணினார். இன்னொருவர் திறக்கவே மனசில்லாமல், மூடிய கண்ணோடு மறுபடியும் தண்ணீருக்குள் போனார். ஐம்பத்தைந்து வயசு வரை ஜனங்களை நேருக்கு நேர் வைத்து ரேகை வாங்கினவன் நான். விரலைத்தான் பார்த்திருக்கிறேன், ஒருவர் கண்ணையும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, ஜாஹிரா பீவி என் கையில் ஒரு சுளையைத் திணித்தபோதுதான் காய்ச்சல் விட்டிருப்பதே தெரிந்தது. உடனே சட்டையைக் கழற்றிவிட்டு நானும் அருவிக்குள் போய் நின்றேன். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக் கண்ணைத் திறந்தால், எதிரே மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

'என்ன பாத்தீரு? நான் எப்படித் தொறந்தேன்?' என்று கேட்டேன். ஏதாவது கேலி சொல்லுவார் என்று நினைத்தேன். அவர், 'நீங்க தொறந்த ஒடனே மொதல்ல என்னத்தான் தேடுனிய அத்தான்' என்றார். நான் துண்டால் தலையைத் துவட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் அட்டவணை ரத்து. அவர் போகிறார், வருகிறார், நான் கேட்பதில்லை. ஜாஹிரா பீவியின் வீட்டுக்காரர் கால் சரியாகி வந்துவிட்டபோதும் இவர் போவதை நிறுத்தவில்லை. முந்தாநாள் மட்டும், 'மாப்ள, கண்ணு ஏதாவது வரைஞ்சு பாத்தீரா?' என்று கேட்டேன். 'இன்னும் இல்ல அத்தான். இப்பதான் பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன்' என்றார். இந்த நிலைமையில்தான் உன் தந்தி வருகிறது. நீயே சொல், நான் எப்படி அனுப்புவேன்? பத்திர ஆபீசில் முத்திரைக் கட்டையில் மை வற்றிப் போனால், புதிதாக வந்த குமாஸ்தா அதை ஓங்கி ஓங்கிக் குத்துவான். முத்திரை விழாது, பத்திரம்தான் கிழியும். கட்டையை ஓரமாக வைத்து, மை ஊறும்வரை பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்த நானே மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்து ஓய்வு, ஓய்வு என்று ஓங்கிக் குத்தியிருக்கிறேன். இப்போதுதான் மை ஊற ஆரம்பித்திருக்கிறது. திங்கட்கிழமைக்கு அவசரப்பட்டுக் கூப்பிட்டு, மறுபடியும் மாட்டுக் கண்ணே வந்துவிட்டால், அந்த மனுஷர் அப்புறம் ஏணியில் ஏறவே மாட்டார். எனக்கு அதுதான் பயம்.

ஆகையால் இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மாப்பிள்ளையை இப்போது அனுப்புவதற்கில்லை. இன்னும் ஒரு மாசம், தேவைப்பட்டால் புரட்டாசி வரை, அவர் இங்கேதான் இருப்பார். மதுரை ஆள் வந்தால் வரட்டும். முதலாளிக்கு நானே எழுதுகிறேன். அந்த வேலையே போனாலும், வரையத் தெரிந்தவருக்கு வேறு சுவர் இல்லாமலா போகும்? நீயும்தான் என்ன, இந்தப் பதினாலு வருஷமும் அவர் சட்டையில் சாயம் போகத் துவைத்ததைத் தவிர வேறு எதைக் கண்டாய்? பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு வண்டி ஏறு. மேல்மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. உன் மைனி உனக்குப் பிடித்த அவியலும் இடிசாம்பாரும் வைக்கிறேன் என்கிறாள். நீ அருவியிலிருந்து வெளியே வரும்போது எப்படிக் கண்ணைத் திறப்பாய் என்று மாப்பிள்ளை பார்த்திருக்கவே மாட்டார். கூச்சப்படாதே, அண்ணனாக இருந்து சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தமும், எதிர் வீட்டு ஆச்சிக்கு என் விசாரிப்பும் சொல்லவும். உனக்கு எல்லா மங்களமும் பெருகி, மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி நிலைத்திருக்க நானும் வடிவாம்பாளும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
மே. சிவசுப்பிரமணியன்

பி.கு.: கடிதத்தை முடித்து உறையில் போட்டபிறகுதான், உன் வீட்டுப் புதுக் கதவு எண் நினைவில் இல்லை என்று தெரிந்து வீட்டுக்கு வந்தேன். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மாப்பிள்ளை பதினொரு மணி பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். தந்தி விஷயம் அவருக்கு இப்போதும் தெரியாது. காலையில் நான் தபாலாபீசுக்குக் கிளம்பியதும், உன் மைனி குளித்துவிட்டுத் தலை ஆற்றிக்கொண்டு அடுக்களைக்கு வந்திருக்கிறாள். 'அக்கா, கொஞ்சம் அசையாம நில்லுங்க' என்று அடுப்புக்கரி ஒன்றை எடுத்து, அம்மிக்கு மேலே உள்ள வெள்ளைச் சுவரில் வரைந்திருக்கிறார். முகம் இல்லை, மூக்கு இல்லை; வெறும் இரண்டு கண். முடித்துவிட்டுக் கையைக் கழுவி, 'கை நிக்க மாட்டேங்குது அக்கா, நான் வேலைக்குப் போறேன்' என்றாராம். 'அத்தான் வரட்டுமே தம்பி, சொல்லிட்டுப் போலாம்லா' என்றதற்கு, 'சொன்னா இன்னும் ஒரு மாசம் ஓய்வெடுக்கச் சொல்லுவாவ' என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். நான் வந்தபோது உன் மைனி உலை பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். 'ஏங்க, நான் இப்படியா பாக்கேன்?' என்று கேட்டாள். ஆமாம் செண்பகம், அப்படித்தான் பார்க்கிறாள். இரண்டு அங்குலக் கரிக்கோட்டில் என் மேல் இருக்கிற கோபமும் தெரிகிறது, நான் இன்னும் சாப்பிடவில்லையே என்கிற கவலையும் தெரிகிறது. முப்பது வருஷமாக நான் பார்க்கத் தவறியதை அவர் ஒரு மாசத்தில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கக் கூடாது என்று இப்போதே உத்தரவு போட்டாயிற்று.

திங்கட்கிழமை வரை முதலாளியைப் பொறுக்கச் சொல். இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். இன்னொன்று, உனக்கு மட்டும் எழுதுகிறேன். கூடம், முன்கட்டு, மாடிப்படி, கிணற்றடி வரை எல்லாச் சுவரையும் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். என் கண்ணை எங்கேயும் வரையவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா, அல்லது வேறு காரணமா என்று, நான் கேட்டதாகத் தெரியாமல், மாப்பிள்ளையிடம் பக்குவமாக விசாரித்து எழுது.